சம்மதம் பார்க்கப்பட்டது

ஆறாயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர். எங்காவது தப்பு இருக்கும் என்று சாந்தாமணி மூன்றாவது முறையாகப் பட்டியலின் அடிவரைக்கும் போய்வந்தாள்; தப்பு இல்லை. நொச்சிக்குளத்தின் மேற்குக் கரையை மூடிப் பேருந்து நிலையம் கட்டக் கூடாது என்று இணையத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு பேர். அதில், ‘இந்தக் குளத்தைப் பற்றி உங்களுக்கு இனியும் எழுதலாமா?’ என்ற கேள்விக்கு ‘எழுதுங்கள்’ என்று சொன்னவர்கள்தான் இந்த ஆறாயிரத்துச் சொச்சம். மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு இவர்களுக்கெல்லாம் கடிதம் போயாக வேண்டும், திங்கட்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம், வாருங்கள், வந்து பேசுங்கள் என்று. போகும் முன் சாந்தாமணி பட்டியலைப் பார்த்து, தலையில் ‘சம்மதம் பார்க்கப்பட்டது’ என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். அவள் போடாவிட்டால் போகாது. குளப் பாதுகாப்புக் குழுவுக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டு, “கையெழுத்துக் கேட்டீங்க, போட்டனுங். பதினஞ்சு நாளைக்கொருக்கா கடுதாசி போடுங்கன்னு நான் எப்பச் சொன்னனுங்?” என்று கேட்ட அன்றைக்கு. அந்த மனுஷன் கேட்டது நியாயம். நியாயம் என்று பட்டதால்தான் விதி எழுதினாள். இப்போது அதே விதி மடியில் பூனையைக் கட்டிக்கொண்ட மாதிரி பிறாண்டுகிறது, ஏனென்றால் இந்தப் பட்டியல் அவளுடையது இல்லை, பெனிட்டாவுடையது. பெனிட்டா கேட்டு, பெனிட்டாவுக்குக் கிடைத்த ஆறாயிரத்து நூற்று முப்பத்தொன்பது.

கீழே மோட்டார் ரீவைண்டிங் பட்டறையிலிருந்து வார்னிஷ் வாசம் மாடிக்கு ஏறி வந்தது. மத்தியானம் இரண்டு மணியானால் பட்டறைக்காரன் மோட்டார்க் கம்பிச் சுருள்களை வார்னிஷில் முக்கிக் காயப் போடுவான், இவளுக்கு நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். பெனிட்டாவுக்கு அந்த வாசம் பிடிக்குமாம். எதைத்தான் அவளுக்குப் பிடிக்காது. நாகர்கோவிலிலிருந்து குழுவின் வேலைக்கு வந்து பதினோரு மாதம், இருபத்தேழு வயது, வந்த முதல் வாரமே பட்டறைக்காரன் பெண்ணுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆறு வருஷமாக அதே படியில் ஏறி இறங்குகிற சாந்தாமணிக்கு அவனுக்குப் பெண் இருப்பதே தெரியாது. போன வருஷம் வாய்க்காலுக்காக சாந்தாமணி ஒரு மனு வைத்தாளே, நாலாயிரத்து முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டார்களே, அதில் கடிதம் வரட்டும் என்று கட்டத்தில் குறியிட்டவர்கள் முந்நூற்று எண்பது. அதை அன்றைக்குப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள், சுத்தமான முந்நூற்று எண்பது, நாம் யாரையும் ஏமாற்றவில்லை என்று. மனுவின் அடியில், பொடி எழுத்தில், ‘அமைப்பின் மின்னஞ்சல் செய்திகளைப் பெற இசைகிறேன்’ என்று எழுதி ஒரு காலிக் கட்டம். பத்திரப் பதிவு ஆபீஸைத் தவிர வேறெங்கே ஒரு மனுஷன் ‘இசைகிறேன்’ என்பான்? கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் எழுதிய கை, அப்படித்தான் எழுதும். பெனிட்டா இரண்டு வட்டம் வைத்தாள். ‘எழுதுங்கள்.’ ‘வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்.’ இரண்டுமே காலி, ஏதாவது ஒன்றைத் தொடாமல் கையெழுத்துப் போக முடியாது. அவ்வளவுதான். வேறு வித்தை ஒன்றும் இல்லை. வித்தை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே போனில் மனுவின் பக்கத்தைத் திறந்து வட்டங்கள் இப்போதும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். காலியாகத்தான் இருந்தன.

குப்புராஜ் அண்ணன் நேற்றே சொல்லிவிட்டார். அவர்தான் குழுவின் தலைவர், கோபமே வராத மனுஷன், அதனாலேயே அவர் சொல்வது ஆழமாக இறங்கும். “அடுத்த மாசத்துல இருந்து கடிதம் எழுதற வேலைய பெனிட்டாவே பாக்கட்டுங் சாந்தாமணி. நீங்க பட்டியல மட்டும் பாத்துக்கங்க. உங்களாட்டம் சுத்தமாப் பாக்க ஆளில்ல.” மட்டும். ஆறு வருஷம் பதினைந்து நாளுக்கொரு தடவை அரசாணை எண், தேதி, உட்பிரிவு எல்லாம் போட்டு, பிழை இல்லாமல், ஒரு தீபாவளிக்குக்கூடத் தவறாமல் எழுதினாள். ஒருவராவது பதில் போட்டிருக்கிறார்களா? பெனிட்டா எழுதிய ஒரே ஒரு கடிதம், குளத்து நாமக்கோழி ஒன்று பிளாஸ்டிக் பையை இழுத்துப்போய்க் கூட்டுக்கு வைத்ததைப் பற்றி, எண்ணி எட்டு வரி, அதற்கு இருநூறு பதில். படித்தபோது சாந்தாமணிக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் தாங்கவில்லை. மட்டமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள். வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது சும்மா சொல்லும் பேச்சு இல்லை, இதோ விலா எலும்புக்குக் கீழே, தயிர்சாதம் தின்றும் அணையாமல், காந்திக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வயதில் இது என்ன. ஐம்பத்தொரு வயதில் ஒரு சின்னப்பெண்ணைப் பார்த்து.

பெயர்களைத் தேடக் கூடாது. அதுவும் அவள் எழுதிய விதிதான், இரண்டாவது விதி: வேலைக்கு வேண்டாத பெயரைப் பட்டியலில் தேடாதே. கையெழுத்துப் போட்டவர்கள் குளத்துக்காகப் போட்டார்கள், நாம் வேடிக்கை பார்க்க இல்லை. ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டாமா, அது வேலைதானே, என்று தனக்கே சொல்லிக்கொண்டு தேடும் கட்டத்தில் குப்புராஜ் என்று அடித்தாள். ஒரு தடவைதான் வந்திருந்தார், ‘எழுதுங்கள்’ என்றிருந்தார், நல்ல மனுஷன். தன் பெயரை அடித்தாள். பிறகு கை தானாகவே ‘இந்துஜா’ என்று அடித்தது. தானாக என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காலையிலிருந்து அந்தக் கை அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. பதினெட்டாவது வரி. இந்துஜா, ஊர் புனே, மனு திறந்த முதல் நாள் காலை ஏழு நாற்பது. ‘எழுதுங்கள்.’

அவள் பெண். அவள் வயிற்றில் பிறந்த பெண், புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் “சாப்ட்டியா”, “சாப்ட்டேன்”, “மழையா”, “இல்ல” என்று நாலு பேச்சோடு வைத்துவிடுகிறவள், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்து, பெனிட்டா என்று ஒரு முன்பின் தெரியாதவளிடம், எனக்கு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கடிதத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை இந்துஜா சொல்லவில்லை, சாந்தாமணியும் கேட்கவில்லை, ஆனால் பட்டியலைப் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? நிறுத்துகிறவர்களிடம் காரணம் கேட்கும் பக்கத்தில் நாலு காரணங்கள் இருக்கும். நிறையக் கடிதம் வருகிறது. எனக்கு இதில் ஆர்வம் இல்லை. வேறு காரணம். இந்துஜா தொட்டிருந்தது நாலாவதை: ‘நான் இதைக் கேட்கவே இல்லை.’ கேட்கவில்லைதான். யார் கேட்டார்கள்? குழு தொடங்கிய புதிதில், கடிதம் அனுப்ப ஆள் வேண்டுமே என்று, தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பத் தயாரித்து வைத்திருந்த மின்னஞ்சல் பட்டியலை அப்படியே தூக்கிப் போட்டாள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர், மாமன் மச்சான் பங்காளி சம்பந்தி, நாதஸ்வரக்காரர் உட்பட. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் குளத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்களா என்று அன்றைக்குத் தோன்றியது. அவர்களில் பாதிப்பேர் இன்னும் அவளுடைய பட்டியலில் இருக்கிறார்கள், ஒருவரையும் இதுவரை கேட்கவில்லை. சொந்தக்காரர்களிடம் என்ன சம்மதம். ஊருக்குத்தான் உபதேசம். பெற்ற பெண்ணிடம் என்ன சம்மதம். பாட்டு வகுப்பில் சேர்த்தபோது கேட்டாளா, நீச்சலுக்குச் சேர்த்தபோது கேட்டாளா. பொறியியல் கலந்தாய்வின்போது வரிசையாகக் கல்லூரிகளை நிரப்பி, இனி மாற்ற முடியாதபடி பூட்டுப் பொத்தானை அமுக்கியது இந்தக் கைதான், அந்தப் பெண் குளித்துக்கொண்டிருந்தது, தலையில் துண்டோடு வந்து திரையைப் பார்த்து, “பூட்டிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டது. விலங்கியல் படிக்கிறேன் என்று அதற்கு முன்னால் எத்தனை தடவை சொல்லியிருக்கும்? மூன்று, நாலு தடவை இருக்கும். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா. பெனிட்டா விலங்கியல் படித்தவள்.

தப்பு ஏதாவது இருக்கும். பட்டியலின் அடுத்த பக்கத்தில் ‘குறிப்புகள்’ என்று ஒன்று இருந்தது, அதை இன்னும் பார்க்கவில்லை, திறந்தாள். பெனிட்டா எழுதியிருந்தாள்: ‘மனு திறந்த முதல் இரண்டு மணி நேரம், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ‘எழுதுங்கள்’ வட்டம் தானாகவே நிரம்பியிருந்தது. என் தவறு.’ சாந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழு நாற்பது! அப்படியென்றால் இந்துஜா சொல்லவில்லை. அவள் கையெழுத்துதான் போட்டாள், வட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது, அவசரத்தில் கவனித்திருக்க மாட்டாள், அவள் எப்போதுமே அப்படித்தான், எதையும் முழுசாகப் படிக்காது அந்தக் கழுதை. எத்தனை சந்தோஷம். வார்னிஷ் வாசம்கூட ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடியதாக இருந்தது. குறிப்பு அதோடு முடியவில்லை. ‘அந்த 143 பேரையும் ‘வேண்டாம்’ பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். கையெழுத்துக் கிடைத்தது என்று எல்லாருக்கும் போகும் ரசீதின் அடியில் அவர்களிடம் மட்டும் மறுபடி கேட்டேன். ‘ஆம்’ என்று பதில் சொன்னவர்கள் 31 பேர். அவர்களை மட்டும் சேர்த்திருக்கிறேன்.’ முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக மனசில்லை. போனாள். பதினெட்டாவது வரியின் கடைசிக் கட்டம், இவ்வளவு நேரம் திரைக்கு வெளியே ஒளிந்திருந்தது: ‘மறுபடி கேட்டது: ஆம்.’ இரண்டு தடவை. ஒரு தடவை தானாக நிரம்பியதென்றே வைத்துக்கொண்டாலும், மறுநாள் உட்கார்ந்து, ரசீதை அடிவரை படித்து, தானே தொட்டு, ஆம். பெற்றவளிடம் ஒரு தடவை சொல்லாத வார்த்தையை ஊரார் பெண்ணிடம் திரும்பவும் கேட்டு வாங்கிச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு கட்டம்தானே. சாந்தாமணி அதன் மேல் அம்புக்குறியை வைத்தாள். ‘ஆம்’ என்பதை அழித்தாள். ‘வேண்டாம்’ என்று அடித்தாள். மேலே கூட்டுத்தொகை தானாகவே ஒன்று குறைந்து ஆறாயிரத்து நூற்று முப்பத்தெட்டு ஆயிற்று. யாருக்கும் தெரியாது. இந்துஜாவுக்குக் கடிதம் போகாது, போகாததை அவள் கவனிக்கவும் மாட்டாள், நாலு வாரத்தில் பெனிட்டாவையே மறந்துவிடுவாள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அம்மா, அந்தக் குளம் என்னாச்சு?” என்று என்னைத்தானே கேட்டாக வேண்டும். என்னைத்தானே. நெஞ்சு குளிர்ந்தது, உண்மையிலேயே குளிர்ந்தது, எவ்வளவு நேரம் என்றால் கீழே பட்டறைக்காரன் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்துகிற நேரம். அப்புறம் பயம் வந்தது. பூட்டிட்டியாம்மா என்று யாரோ கேட்ட மாதிரி இருந்தது. வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான், வேறு என்ன. செய்ததைத் திரும்பப் பெறும் அம்பை அவசரமாக அமுக்கினாள், ஒரு தடவை போதும், மூன்று தடவை அமுக்கினாள். முப்பத்தொன்பது.

ஆனால் வேறொரு வழி இருந்தது, யாரும் தப்பென்று சொல்ல முடியாத வழி, அதுதான் இன்னும் மோசம். பட்டியலின் தலையில் எழுதத் தொடங்கினாள்: ‘முதல் இரண்டு மணி நேரக் கோளாற்றை முன்னிட்டு, முழுப் பட்டியலுக்கும் மறு சம்மதம் பெற்ற பின்னரே…’ குப்புராஜ் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்களாட்டம் சுத்தமாப் பாக்க ஆளில்ல என்பார். மறுபடி எல்லாரையும் கேட்டால் பத்து நாளாகும், திங்கட்கிழமை போய்விடும், கூட்டத்தில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதிகாரிகள் மக்களிடம் எதிர்ப்பு இல்லை என்று எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், மேற்குக் கரையில் மண் விழும். பெனிட்டாவின் ஆறாயிரம் பேர் காற்றோடு போவார்கள். குளமும் போகும். குளம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு, ஒரே ஒரு கணம், வந்ததா இல்லையா? வந்தது. ஆறு வருஷம் அந்தக் கரையில் நடந்த காலுக்குச் சொந்தக்காரியின் தலைக்குள்ளேயே வந்தது.

“அக்கா, சாயா.” பெனிட்டா இரண்டு கண்ணாடி டம்ளரோடு படியேறி வந்து ஒன்றை மேஜையில் வைத்தாள். திரையில் பாதி எழுதிய வாக்கியம் அப்படியே நின்றது, மறைக்க நேரமில்லை. பெனிட்டா படித்தாள். முகம் சின்னதாகிப் போனதை சாந்தாமணி பார்த்தாள், பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தாள். “எல்லாத்தையும் மறுபடி கேக்கணுமாக்கா?” என்றாள் பெனிட்டா. “வேணும்னா கேட்டுருவோம். அந்த ரெண்டு மணி நேரத்த நெனச்சு எனக்கு மூணு நாளா தூக்கமே இல்ல. நீங்க பாத்தாத்தான் நம்பிக்கை. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்.” சண்டை போட்டிருக்கலாம். திமிராக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒன்றையும் கொடுக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு. இதுதானா அது? கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது. பதில் என்னவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. இது தனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது, தெரிந்ததும் பொறாமை குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. “வேண்டாம் போ,” என்றாள். “நூத்தி நாப்பத்தி மூணத் தனியா எடுத்து வெச்சிட்டீல்ல. மீதி சுத்தமாத்தான் இருக்குது.” வாக்கியத்தை ஓரெழுத்து விடாமல் அழித்தாள். ‘சம்மதம் பார்க்கப்பட்டது. சா.’ என்று எழுதினாள். சாயாவில் சர்க்கரை சரியாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

நாலு மணிக்குக் கடிதம் போயிற்று. நாலு இருபதுக்குள் குழுவின் பொது அஞ்சலில் பதில்கள் விழத் தொடங்கின. அதைத் திறந்து பிரித்து வைப்பது சாந்தாமணியின் வேலை. வருகிறேன். வர முடியாது, வாழ்த்துகள். என் தம்பியும் வரலாமா. பதினேழாவதாக இந்துஜா. ‘பெனிட்டாவுக்கு’ என்று தலைப்பில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் திறந்தாள், அதை மறைக்கக் கூடாது. ‘வணக்கம். திங்கட்கிழமை கூட்டத்துக்கு வர்றேன், லீவு சொல்லிட்டேன். பேச மூணு நிமிஷம் கெடைக்குமா? சின்ன வயசுல அந்தக் கரையில பாத்த பறவைங்க லிஸ்ட் ஒண்ணு இன்னும் எங்கிட்ட இருக்கு. ஒரு விஷயம். உங்க ஆபீஸ்ல சாந்தாமணின்னு இருக்காங்கல்ல, எங்கம்மா. நான் வர்றத அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். சொன்னா நான் என்ன பேசணும்னு அவங்களே எழுதிக் குடுத்துருவாங்க.’ சாந்தாமணி சிரித்தாள், சத்தமில்லாமல், வலியோடு. அதைவிடக் கேவலம், அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே தலைக்குள் ஒரு தாள் விரிந்து, முதலில் அரசாணை எண், அப்புறம் தேதி, அப்புறம் பறவைகளை இரண்டாவது பத்தியில் வை கண்ணு, என்று ஓட ஆரம்பித்துவிட்டது. பறவைப் பட்டியலாம். எந்த வயதில் எழுதியது? எந்த நோட்டில்? கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் நான்தானே, குழுவெல்லாம் வருவதற்கு முன்னாலேயே நான் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றபோது இது அந்தப் பக்கம் உட்கார்ந்து பறவை எண்ணியிருக்கிறது, எனக்கு ஒரு தடவையாவது காட்டினாளா, நான் ஒரு தடவையாவது காட்டு என்றேனா. இதற்கு யார் பதில் எழுதுவது? குழுவின் பெயரில் நானே எழுதலாம், பெனிட்டா என்று கையெழுத்துப் போட்டு எழுதலாம், அன்புள்ள இந்துஜா என்று தொடங்கினால் அவளுக்கு எப்படித் தெரியும். விரல் பதில் பொத்தான் வரைக்கும் போயிற்று. அதற்குப் பக்கத்தில் ‘படிக்காததாகக் குறி’ என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கினாள். வரி மறுபடி கறுத்துத் தடித்து, யாரும் தொடாத கடிதம் மாதிரி நின்றது.

“பெனிட்டா, உம்பேருக்கு ஒண்ணு வந்திருக்குது. நீயே பாரு,” என்று எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். பெனிட்டா உட்கார்ந்து படித்தாள். பாதியில் முகம் மலர்ந்தது, கடைசியில் சட்டென்று சாந்தாமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சாய்ப்பு நெஞ்சில் குத்திற்று. என் பெண்ணின் ரகசியத்தை என்னிடமிருந்து காப்பாற்றுகிறாள், சரியாகத்தான் செய்கிறாள், நானாக இருந்தாலும் அதைத்தான் விதியாக எழுதியிருப்பேன். “யாரு?” என்று கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். “ஒண்ணுமில்லக்கா,” என்றாள் பெனிட்டா. “வெளியூர்ல இருந்து ஒருத்தங்க வர்றாங்களாம். பேசணுமாம்.” சாந்தாமணி தெருவைப் பார்த்துக்கொண்டே, “பேசட்டும்,” என்றாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “அஞ்சு நிமிஷம் குடு. மூணு பத்தாது.”

திரும்பிப் பார்க்க சாந்தாமணிக்குத் தைரியம் வரவில்லை. “மூணுன்னு நான் சொல்லலியேக்கா,” என்றாள் பெனிட்டா, மெதுவாக. “நீ சொல்லல,” என்றாள் சாந்தாமணி. “நானும் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே அவகிட்ட இருக்கட்டும்.” பின்னால் விசைகள் தட்டப்படுகிற சத்தம் தொடங்கியது. பெனிட்டா பதில் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள், எப்படித் தொடங்கியிருக்கிறாள், இந்துஜா என்றா, இந்து என்றா? வீட்டில் அவளை இந்து என்றுதான் கூப்பிடுவது. அது பெனிட்டாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாந்தாமணி ஜன்னலோரத்திலேயே நின்றாள், அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும்.